லிஃப்ட் கதைக்கு விழாத ஓட்டு

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், எனக்கு மனசுதான் சரியில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், அப்படி இல்லாவிட்டாலும் இருப்பதாகத்தான் பதில் போடுவாய், தெரியும். போனில் பேசினால் போதாதா, எதற்கு மெனக்கெட்டு எழுதுகிறாய் என்று அப்பா கேட்கிறார். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுவாய், காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது. அப்பாவுக்கு நீ பணம் அனுப்பி வாங்கிய காது மெஷின் நன்றாக வேலை செய்கிறது, டி.வி. பார்க்கும்போது மாட்டிக்கொள்கிறார், நான் பேச ஆரம்பித்தால் கழற்றித் துடைக்கிறார். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்று காதில் பூச்சுற்றுகிறான். நீ இருட்டில் படுத்துக்கொண்டு போனைப் பார்ப்பதை விட்டாயா? கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளின் மகளுக்குப் பவர் ஏறினால் என் மானம்தான் போகும்.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். எங்கள் கடை மாடியில் கண் பரிசோதிக்கிற அறை இருக்கிறதல்லவா, அங்கே சனிக்கிழமை சாயங்காலம் கடை மூடிய பிறகு கொஞ்சம் பேர் கூடிப் புத்தகம் படித்துப் பேசுகிறோம் என்று சொல்லியிருந்தேன். முதலாளிக்குத் திடீரென்று ஒரு யோசனை, குட்டிக் கதைப் போட்டி வைப்போம், கதை அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது, விளையாட்டுக்குத்தான் என்றார். யாரும் பெயர் போடக் கூடாது. எல்லாக் கதையையும் அவரே ஒரே மாதிரி டைப் அடித்து நம்பர் போட்டு மேசையில் வரிசையாக வைப்பார், யார் எழுதியது என்று அவருக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு கதைக்கும் முன்னால் ஒரு டீ டம்ளர். உடைந்த கண்ணாடிகளிலிருந்து கழற்றிய பழைய லென்ஸ்தான் ஓட்டு, ஆளுக்கு ஒன்று, பிடித்த கதையின் டம்ளரில் போட வேண்டும், தன் கதைக்குத் தானே போடக் கூடாது. எனக்கு எழுத வராது என்பதால் என்னை நடுவர் ஆக்கிவிட்டார்கள். நடுவருக்கு இரண்டு லென்ஸ், அதோடு ஓட்டுப் போட்டு முடிந்ததும் ஜெயித்த கதையைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும். நானும் உச்சி குளிர்ந்து போய்த் தலையை ஆட்டினேன்.

இதற்கு நடுவில்தான் உன் மாமா வருகிறான். அத்தை போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போகிறான், வருகிறான், கதவைச் சாத்திக்கொள்கிறான். நான் சாப்பாடு கொண்டுபோனால் வச்சிட்டுப் போக்கா என்கிறான். எத்தனை சொல்லியும் கேட்காதவனைக் கிட்டத்தட்டக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த்தான் அந்த மாடியில் உட்கார வைத்தேன். கண் பரிசோதனைக்கு மாட்டியிருக்கிற எழுத்துப் பலகைக்குக் கீழே ஒரு மூலையில் உட்காருவான், யாரிடமும் பேசமாட்டான். அப்படிப்பட்டவன் போட்டி என்றதும் வீட்டுக்குத் திரும்புகிற வழியில், அரைப் பக்கம்னா கையால எழுதினா எவ்வளவுக்கா வரும் என்று கேட்டான். எனக்குச் சந்தோஷத்தில் நடுத்தெருவில் அழுகை வந்துவிட்டது. தம்பி மறுபடியும் மனுஷனாகிறான் என்று நினைத்தேன்.

போட்டி அன்று எங்கள் கூட்டத்துக்கு வருகிற கணக்கு டீச்சர் எல்லாக் கதையையும் சத்தமாகப் படித்தார். மூன்றாம் நம்பர் கதையில், பெண்டாட்டி செத்துப்போன ஒருவர் தினமும் காலையில் இரண்டு கப் காபி போடுகிறார், ஒன்றைக் குடிக்கிறார், இரண்டையும் கழுவி வைக்கிறார், அவ்வளவுதான். எல்லாருடைய கண்ணும் மூலைக்குப் போனது, என் கண்ணும்தான். ஐந்தாம் நம்பர் ஒரு லிஃப்ட் கதை. புருஷனும் பெண்டாட்டியும் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள், நடு மாடியில் நின்றுவிடுகிறது. வெளியே மெக்கானிக், பயப்படாதீங்க, இதோ ஆச்சு என்று கத்திக்கொண்டே வேலை செய்கிறான், உள்ளே அந்தம்மா புருஷனை வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். ஒருவழியாகக் கதவு திறக்கிறது. அந்தம்மா தலையை நீட்டி, தம்பி, இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் மூடி வைங்க, இவரு எங்கேயும் எழுந்து போக முடியாம இன்னிக்குத்தான் கிடைச்சாரு, நான் இன்னும் முடிக்கல என்கிறாள். சின்னு, எனக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள், பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மூலையில் தம்பி முகமும் மலர்ந்திருந்தது. அவனும் கதையைக் கேட்டுச் சிரிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன் பார், என் புத்தியை என்ன சொல்ல! லிஃப்ட் என்ற வார்த்தையைக் கேட்ட பிறகும் எனக்குப் பொறி தட்டவில்லை, எல்லாரும் தினம் ஏறி இறங்குகிற லிஃப்ட்தானே, யாரும் எழுதலாம் என்று விட்டுவிட்டேன்.

ஓட்டுக்கு முன்னால் டீ குடிக்கப் படிக்கட்டில் நின்றோம். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என் பக்கம் வந்து, மூணாம் நம்பர் உங்க தம்பியோடதுதானே, பாவம் என்று குசுகுசுத்தார். எனக்கு என்ன தெரியும்? தெரியாது என்று சொல்ல வேண்டியதுதானே! பெரிய நடுவராயிற்றே, எல்லாம் தெரிந்ததுபோல் மெல்லத் தலையசைத்து வைத்தேன். அது ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய்விட்டது. உள்ளே வந்து கிட்டத்தட்ட எல்லாரும் ஒவ்வொருவராக மூன்றாம் டம்ளரில் லென்ஸைப் போட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்து ஒரு சோகப் புன்னகை. நானும் என் இரண்டையும் அதிலேயே போட்டேன். ஐந்தாம் டம்ளருக்கு மேலே கையைக் கொண்டுபோனது உண்மை, சொந்தத் தம்பியை விட்டுவிட்டுச் சிரிப்புக் கதைக்குப் போடுகிறாளே என்று யாராவது நினைத்தால் என்ன ஆவது என்று கையை நகர்த்திக்கொண்டேன். அதோடு விட்டேனா, எழுந்து நின்று, இதை எழுதியவர் தன் துக்கத்தையே பிழிந்து கொடுத்திருக்கிறார் என்று உருகிப் பேசினேன். முதலாளி திருதிருவென்று விழித்தார். பிறகு காகிதத்தைப் பார்த்துப் படித்தார். மூன்றாம் நம்பர், பல் டாக்டர். அந்த டாக்டரின் மனைவி குத்துக்கல் மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறாள். நான் உசுரோடதான் இருக்கேன், இவரு இதுவரைக்கும் ஒரு கப்பைக்கூடக் கழுவினது கிடையாது என்றாள். ஒருத்தர் முகத்திலும் ஈ ஆடவில்லை. ஐந்தாம் நம்பர் என் தம்பி என்று படித்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளரில் ஒரு லென்ஸ்கூட இல்லை. தம்பி எழுந்து வந்து அந்தக் காலி டம்ளரை எடுத்து, சுத்தமாத்தானே இருக்கு, இதுல டீயாவது ஊத்துங்க என்றான். எல்லாரும் சிரிக்க வேண்டிய அளவுக்கு மேல் சிரித்தார்கள். டீயைக் குடித்தான், டம்ளரைக் கழுவி வைத்தான், கிளம்பிவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கணக்கு டீச்சர் மறு ஓட்டு வைக்கலாம் என்கிறார், இந்தத் தடவை எல்லாரும் ஐந்தாம் நம்பருக்கே போட்டுவிடலாமாம். முதலாளி ஆறுதல் பரிசு என்கிறார். பல் டாக்டர் என் பரிசை அவருக்கே கொடுத்துடுங்க என்று நீட்டுகிறார், பரிசு என்ன பெரிய பரிசு, கண்ணாடி துடைக்கிற துணி. எனக்கு வந்த ஆத்திரத்தில், முதல்லயும் பாவம்னுதான் போட்டீங்க, இப்பவும் பாவம்னுதான் போடப்போறீங்க, கதைக்கு எப்பத்தான் போடுவீங்க என்று கத்திவிட்டேன். டாக்டர் பாவம், அவர் என்ன தப்புச் செய்தார், கதை எழுதினார், அவ்வளவுதான், ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தாலே எரிகிறது. அப்பாவிடம் சொன்னால், விளையாட்டுப் போட்டிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்கிறார். தம்பி தோற்றதற்கா நான் பொருமுகிறேன்? அவன் எழுதி எழுதி அடித்து முதன்முதலாக நாலு பேர் முன்னால் வைத்ததை, அவன் கூடப்பிறந்த நானே கை தவறவிட்டேனே என்றுதான்.

நேற்று அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தான், உட்காரச் சொன்னான், அதுவே பெரிய விஷயம். கோபமா என்று கேட்டேன், இல்லை என்றான். நீ சிரிச்சியே, நான் பார்த்தேனே, அப்புறம் ஏன்க்கா போடல என்று கேட்டான். மன்னிப்புக் கேட்கிற சாக்கில் ஏதோ உளறினேன், நீ இருக்கிற நிலைமையில சிரிப்புக் கதை எழுதுவேன்னு நாங்க எப்படி நினைப்போம் என்று. அதற்கு அவன், நிலைமையாவது ஒண்ணாவது, அந்தம்மா யாருன்னு நினைச்ச, அவதான்க்கா அது, எங்க அபார்ட்மென்ட் லிஃப்ட்லயே நடந்தது, மெக்கானிக்கை மட்டும்தான் நான் கற்பனையா வச்சேன், உள்ள மாட்டினது நான், அவ பேச்சை இருபது வருஷமா கேட்டவ நீ, உனக்குமா அடையாளம் தெரியல என்றான். சின்னு, அந்தக் கதையில் உன் அத்தை உயிரோடு நின்று பேசியிருக்கிறாள், நான் டீயைக் கொட்டிக்கொண்டு சிரித்தேனே தவிர, அவளைப் பார்க்கவில்லை. செத்துப்போன ஒருத்தியைத் தேடிக்கொண்டு மூன்றாம் டம்ளருக்குப் போய்விட்டேன். தம்பி அழவில்லை, நான்தான் அழுதேன், அவன் எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

இப்போது உன்னிடம் வருகிறேன். அத்தை போன அன்று மாமாவின் போனுக்குக் கைகூப்பிய படம் ஒன்று அனுப்பினாய், அதோடு சரி. கேட்டால், மாமாகிட்ட என்ன பேசறதுன்னே தெரியலம்மா என்கிறாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, இங்கே பக்கத்துத் தெருவில் இருக்கிற எங்களுக்கே தெரியவில்லை. ஆனால் இந்த வாரம் கட்டாயம் கூப்பிடு. குரலை இறக்கி, எப்படி இருக்கீங்க மாமா என்று இழுக்காதே, அதை எல்லாரும் கேட்டுக் கேட்டு அவனுக்குக் காது புளித்துவிட்டது. கதை நன்றாக இருந்தது என்றும் பரிந்து பேசாதே, அது நான் சொல்லிக்கொடுத்தது என்று கண்டுபிடித்துவிடுவான்.

பனிக்காலம் வருகிறது என்றாய், கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ, மாப்பிள்ளையையும் மூடச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனசு விட்டுச் சண்டை போட்டுக்கொண்டு, நூறு வயசுவரை ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஆசியும் என் ஆசியும். மாமாவைக் கூப்பிட மறந்துவிடாதே. அந்த லிஃப்டுக்குள் அத்தை என்ன சொல்லித் திட்டினாள் என்று மட்டும் கேள். எனக்குக் கேட்க வாய் வரவில்லை, நீ கேள், கேட்டுவிட்டு மீட்டிங் என்று வைத்துவிடாமல், அவன் சொல்லி முடிக்கிறவரை இரு.

இப்படிக்கு,
உன் அம்மா