நான்கு விரல் பல்லி

யஸ்த்,
மெஹர் மாதம் 9

மதிப்புக்குரிய பெஹ்னியா ஆகா அவர்களுக்கு,

ஃபரங்கீஸ் வணக்கத்துடன் எழுதுவது. டெஹ்ரானில் நீங்களும் உங்கள் துணைவியார் தாஜி கானுமும் நலமென்று நம்புகிறேன். உங்கள் எழுபதாம் பிறந்தநாள் மலருக்குப் பழைய சக ஊழியர் என்ற முறையில் என்னிடம் கட்டுரை கேட்டிருந்தீர்கள். எழுதிவிட்டேன்.

இங்கே தண்ணீரில்லாமல் மாதுளையெல்லாம் மரத்திலேயே வெடித்துவிட்டது. எனக்கு முழங்கால் வலி. நுழைவுத் தேர்வுக்காக வீட்டுக்குப் படிக்க வரும் பெண்கள், "கானும், நீங்க ஏன் பள்ளிக்கூடத்துல இல்ல?" என்று கேட்கிறார்கள். முதுமை என்று சொல்லிவைக்கிறேன்.

பதினாறு வருஷத்துக்கு முன், கல்வி அலுவலகத்தில் என் கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு, "ஒரு வாரம் குடுங்க கானும், அச்சகத்துல நானே பேசறேன்" என்றீர்கள். அடுத்த மாதமே, உயிரினங்கள் மாறிவந்த கதையைச் சொல்லிப் பிள்ளைகளைக் கெடுக்கிறேன் என்று உங்கள் கையெழுத்தோடு புகார் போயிற்று. என்னை வகுப்பிலிருந்து எடுத்துப் பழைய காகிதங்கள் கிடக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, பாலைவனப் பல்லிகளைப் பற்றிய என் புத்தகம் உங்கள் பெயரில் வந்தது. பரிசும் வாங்கியது.

நான் வாய் திறக்கவில்லை. முதலில் பயம்தான். முப்பத்தெட்டாம் பக்கத்துப் படத்தைப் பார்த்தபின் பயம் போய்விட்டது.

அது பள்ளி ஆய்வகத்தில் நான் வளர்த்த பல்லி. கூண்டின் மூடி விழுந்து அதன் வலது பின்காலின் ஐந்து விரல்களில் ஒன்று போய்விட்டது. வலப்புறமிருந்து, கண்ணில் பட்டபடி வரைந்தேன். அச்சுக்கு முன் திருத்த நினைத்திருந்தேன். நீங்களோ படத்தின் கீழே, "இவ்வினத்துக்குப் பின்கால்களில் நான்கே விரல்கள், பல ஆண்டுகள் மணலில் அலைந்து நானே கண்டறிந்தேன்" என்று எழுதிவிட்டீர்கள். பெஹ்னியா ஆகா, உங்கள் காலணியில் என்றைக்காவது மணல் ஒட்டியதுண்டா? ஐந்து பதிப்புகள் வரும்வரை காத்திருந்தேன். ஒவ்வொரு பதிப்பையும் காசு கொடுத்து வாங்கினேன்.

பல்லி செத்தபின் சாராயத்தில் போட்டு வைத்த குப்பி என்னிடம்தான் இருந்தது. விரல் போன நாளைக் குறித்த, பள்ளி முத்திரையுள்ள குறிப்பேடும் இருந்தது. இரண்டையும் என் மாணவி ஷீதேயிடம் கொடுத்தேன். அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியை. படங்களோடு என் கட்டுரையை அறிவியல் மாத இதழுக்கு அவள்தான் அனுப்பினாள். "வயசானவரு, முன்னாடியே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிடலாமா டீச்சர்?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். என்னைக் கூப்பிட்டு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இக்கடிதம் வந்து சேரும்போது இதழ் கடைகளில் இருக்கும். உங்கள் மலருக்கு அதிலிருந்தே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். இம்முறை என் பெயரோடு.

காலையில் மணியடிக்கும்போது பள்ளிச் சுவரோரம் நடக்கிறேன். பெண்களின் கூச்சல் தெருவரை கேட்கிறது. உள்ளே போக எனக்கு அனுமதியில்லை.

இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். கடைசிவரை கண்பார்வை மங்காமல் இருக்கட்டும். ஒரு வரி விடாமல் நீங்கள் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஃபரங்கீஸ் மொபஷ்ஷெர்
உயிரியல் ஆசிரியை