ஜிம்மிக்கு இன்னான்னு தெரியலப்பா

என் ஆசை அப்பாவுக்கு,

உன் ஜிம்மி நல்லாத்தான் இருக்கான். அத முதல்ல சொல்லிடுறேன், இல்லன்னா நீ பயந்துடுவ.

போன மழையில கொஞ்ச நாள் சோத்தத் தொடாம படுத்தே கெடந்தான். வயசாய்டுச்சு இல்ல, எடையும் கம்மியாய்டுச்சு. நானும் அம்மாவும் ஆட்டோ வெச்சு ஆம்பூர்லேர்ந்து வேலூர் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, ஈரல் கெட்டா ரத்தத்துல ஏறுற அளவெல்லாம் ஜாஸ்தியா இருக்குன்னாங்க. மாத்திரை கொடுத்து மறுபடி எடுத்தாங்க. எறங்கல. ஸ்கேன்ல ஒண்ணுமே இல்ல. அதுக்குள்ள அவன் பழையபடி சாப்பிட ஆரம்பிச்சிட்டான். ரத்தம் ஒண்ணு சொல்லுது, நாய் ஒண்ணு சொல்லுது. நாங்க யாரப்பா நம்புறது?

டாக்டரம்மா நல்லவங்க. தெரியாதத தெரியாதுன்னே சொன்னாங்க. "மயக்கம் கொடுத்து ஈரல்லேர்ந்து துளி சதை எடுத்துப் பார்க்கலாம். காரணம் தெரிஞ்சாலும் தெரியலாம். ஆனா இந்த வயசுல மயக்கத்தத் தாங்குவானான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

எனக்குப் பார்த்துடணும்னுதான் இருந்துச்சு. தெரியாம எப்படி நிம்மதியா இருக்கிறது?

அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. "இப்போ அவனுக்கு வலிக்குதா டாக்டர்?"

"வலி இருக்கிற மாதிரி தெரியலம்மா."

"அப்போ வேணாம்."

திரும்பி வர்றப்போ ஆட்டோவுல நான் சண்டைக்கு நின்னேன். அப்பாவ விட்டுட்டோம், இவனையும் விடணுமான்னு கேட்டுட்டேன். நாய வீட்டுக்குள்ள விடாதன்னு உன்கிட்ட அவ்ளோ சத்தம் போட்ட அதே அம்மா, அவன் தலைய மடியில வெச்சினு மெதுவா சொல்லுச்சு.

"உங்கப்பாவுக்கு வந்த வியாதிக்குப் பேரு சொன்னாங்க. பேரு தெரிஞ்சு இன்னா ஆச்சு? நீ ஹாஸ்டல்ல இருந்த. ஒவ்வொரு டெஸ்டுக்கும் நான் ஒண்டியா கையெழுத்து போட்டேன். போட்டது சரியா தப்பான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியல பாப்பா."

இத அம்மா யார்கிட்டயும் சொன்னதில்லப்பா. உனக்காவது தெரியுமா?

இப்போ அப்பப்போ ரத்தம் மட்டும் எடுத்துப் பார்க்கிறோம். அளவு இன்னும் ஜாஸ்திதான். காரணம் இன்னும் தெரியல. அம்மா தயிர்சோறு பெசஞ்சு வெச்சா மூஞ்சத் திருப்பிக்கிறான். கோழிக்குழம்புன்னா தட்டு நகர நகர நக்குறான். "கள்ளன்"னு திட்டினே அம்மா இன்னும் ரெண்டு துண்டு போடுது.

அவனுக்கு வலின்னு ஒரு நாள் வந்தா, பார்த்துனு சும்மா இருக்க மாட்டேன்ப்பா. அன்னிக்கு எந்த முடிவு எடுக்கிறதா இருந்தாலும், அம்மா கையெழுத்துக்குப் பக்கத்துல என் கையெழுத்தும் இருக்கும்.

உன் மக,
செல்வி