‘மலையைப் பார்க்க’ என்று எழுதிய குற்றம்

அனுப்புநர்:
தொலைபேசி இணைப்பகப் பணியாளர்,
பொது மருத்துவமனை.
(வீட்டு முகவரி, தாங்கள் நிராகரித்த விண்ணப்பத்தில் உள்ளபடி)

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
மலை வனப்பகுதி நுழைவு அனுமதி அலுவலகம்.

பொருள்: பார்வையற்றவர் ‘பார்க்க’ என்று எழுதியது முரண் எனக் கூறி மலைப்பாதை அனுமதி மறுக்கப்பட்டது – மறுப்பை ரத்து செய்து அனுமதி வழங்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் பிறவியிலேயே பார்வையற்றவள். பொது மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ‘வேலை பார்க்கிறேன்’ என்பதும் முரண்பட்ட தகவல்தானா என்பதைத் தங்கள் அலுவலகம்தான் சொல்ல வேண்டும்.

2. என் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். எங்களுக்குப் பத்து வயதில் ஒரு மகள். பள்ளி விடுமுறைக்குத் தங்கள் மலைக்குப் போவதென்று முடிவு செய்தவள் அவள்தான். அட்டைப் பெட்டியொன்றைக் கிழித்து, நடைபாதையை முரட்டு நூலாலும் ஓடையை வழவழப்பான நாடாவாலும் ஒட்டி, இளைப்பாறும் இடங்களில் சட்டைப் பொத்தான்களைத் தைத்து என் மடியில் வைத்தாள். அதைத் தடவித் தடவி எந்தத் திருப்பத்துக்குப் பிறகு ஏற்றம் என்பது எனக்கு மனப்பாடம். புதுக் காலணி கடிக்காமல் இருக்க, சாப்பாட்டு இடைவேளைகளில் மருத்துவமனையின் சாய்தளத்தில் ஏறி இறங்கிப் பழகினேன். ஒருநாள் துணைக்கு வந்த என் கணவருக்குத்தான் மூச்சு வாங்கியது. பாதையில் அவருடைய தோள்பை வாரைப் பிடித்தபடி நடப்பதாக ஏற்பாடு.

3. அங்கே போய் எனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிய அறைக்குள் நுழைந்து ஒருமுறை கையைத் தட்டினால் அது எவ்வளவு பெரியது, சன்னலில் திரைச்சீலை உண்டா என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். ஒரு மலை எவ்வளவு பெரியது என்பதை மட்டும் நான் இதுவரை கேட்டதில்லை. மேலே கணவாயில் நின்று ஒருமுறை கையைத் தட்ட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

4. விதிப்படி துணையாள் வேண்டும்; இருக்கிறார். மருத்துவச் சான்று வேண்டும், இணைத்தேன். ‘வருகையின் நோக்கம்’ என்ற கட்டத்தில் மூவருக்குமே ‘மலையைப் பார்க்க’ என்று எழுதச் சொன்னேன். வேறு எப்படி எழுதுவது? தங்கள் பதில் வந்ததும் வழக்கம்போல மகள்தான் எனக்கு வாசித்தாள். “விண்ணப்பதாரர் ஒரு கட்டத்தில் பார்வையற்றவர் என்றும் மற்றொரு கட்டத்தில் ‘பார்க்க’ என்றும் முரண்பட்ட தகவல் அளித்துள்ளார். காண இயலாதவருக்கு...” என்பதுவரை வந்தவள் நிறுத்திவிட்டாள். “அப்புறம் ஒண்ணும் இல்லம்மா” என்றாள். இருந்தது, ஐயா. மறுநாள் உடன் வேலை செய்பவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். காண இயலாதவருக்குக் காட்சிப் பகுதியில் இடம் ஒதுக்குவது காண இயன்ற ஒருவரின் இடத்தை வீணாக்குவதாகும் என்று எழுதி, முத்திரையும் குத்தியிருக்கிறீர்கள்.

அதே உறையில் மகளுக்கும் அனுமதி இருக்கிறது; என் கணவருக்கு ‘பார்வையற்றவரின் துணையாள்’ என்று அனுமதிச் சீட்டு வந்திருக்கிறது. அவர் யாருக்குத் துணையாகப் போவது? வழியில் நிற்கும் மரங்களுக்கா?

5. மூவரும் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தோம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த எழுத்தர் பேனா மூடியைச் சொடுக்கிக்கொண்டே இருந்தார். கேட்டது நான்; அவர் பதில் சொன்னது என் கணவரிடம். “சார், அங்க எல்லாரும் பாக்கத்தான் போறாங்க. இவங்க போய் என்னத்தப் பாக்கப் போறாங்க? வீட்ல ஃபேனப் போட்டு உக்காந்தா அதே காத்துதானே?” வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். என் கணவர் கோபம் வந்தால் வாயடைத்துப் போகிறவர். நான்தான், “விண்ணப்பம் என்னோடது, என்கிட்ட பேசுங்க” என்றேன். அதற்கு அவர், “மேலதிகாரியப் போய்ப் பாருங்கம்மா. இல்லன்னா வேற வேலையப் பாருங்க” என்றார். மேலதிகாரியைப் பார்க்க எனக்குக் கண் வேண்டாம், வேறு வேலையைப் பார்க்கவும் வேண்டாம். மலையைப் பார்க்க மட்டும் வேண்டுமாம். மேலதிகாரியோ அன்று விடுப்பு.

6. ஐயா, தங்கள் வீட்டில் சமையலுக்கு உப்புப் பார்ப்பது நாக்கா, கண்ணா? பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். வாங்கும் பழத்தை முகர்ந்து பார்க்கிறோம். கதவைத் தட்டிப் பார்க்கிறோம். நம் மொழி எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்த ஒரு சொல்லைத் தங்கள் அலுவலகம் எனக்கு மட்டும் இல்லை என்கிறது. அந்த மறுப்பை எழுதும் முன் அங்கே யாராவது ஒருவர் கொஞ்சம் யோசித்துப் பார்த்திருக்கலாம். அதற்கும் கண் தேவைப்படாது. இனிமேல் ‘பாதுகாப்பு’ என்று புதுக்காரணம் தேடவும் வேண்டாம். அப்படி ஒரு வரி தங்கள் கடிதத்தில் இல்லை.

7. இவ்வளவு ஆத்திரம் அனுமதிக்காக மட்டும் என்று எண்ண வேண்டாம். என் மகள் பேசப் பழகிய நாளிலிருந்து, “அம்மா, இங்க பாரு” என்று என் கையைப் பிடித்திழுத்து எதன் மீதாவது வைப்பாள். புது அழிப்பான், ஆடும் பல், பக்கத்து வீட்டுப் பூனைக்குட்டியின் வயிறு, எல்லாவற்றையும் அப்படித்தான் பார்த்தேன். தங்கள் அலுவலகத்திலிருந்து திரும்பிய நாள் முதல், “அம்மா, இங்க...” என்று தொடங்கி நிறுத்திக்கொள்கிறாள். ஒரு சொல்லை விழுங்கிவிட்டு, “இந்தா” என்கிறாள். அட்டைப் பாதையை அலமாரியின் மேல் தூக்கி வைத்துவிட்டாள். “நாம யாருமே போக வேணாம்ப்பா, அம்மாவ யாராவது கேலி பண்ணுவாங்க” என்று அவள் அடுக்களையில் தன் அப்பாவிடம் மெல்லச் சொன்னதும் என் காதில் விழுந்தது. அன்று நான் அழுதேன். பத்து வயதுவரை தன் அம்மாவுக்கு எந்தக் குறையும் இருப்பதாக நினைக்காத பிள்ளைக்கு, ஒரே கடிதத்தில் அதைக் கற்றுக் கொடுத்துவிட்டீர்கள்.

8. எனவே, வரும் மாதம் இருபதாம் தேதிக்கு, பருவம் முடிந்து மேல்பாதை மூடப்படும் முன், என் பெயரில் நுழைவு அனுமதி வழங்குமாறும், நான் முரண்பட்ட தகவல் அளித்ததாக உள்ள குறிப்பைத் தங்கள் பதிவேட்டிலிருந்து நீக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். எழுத்தர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கோரவில்லை. கேட்டால் என்னிடம் கேட்கட்டும், என் கணவரிடம் அல்ல.

9. இம்மனுவை அலுவலகக் கணினியில் நானே தட்டச்சு செய்தேன், மகளுக்குத் தெரியாது. ஆனால் தங்கள் பதில் தபாலில் வரும். அவள்தான் உறையைப் பிரிப்பாள், அவள்தான் எனக்கு வாசிப்பாள். அனுமதி கொடுத்தாலும் மறுத்தாலும், ஒரு பத்து வயதுப் பெண் தன் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, நடுவில் நிறுத்தாமல் கடைசி வரிவரை வாசிக்கக்கூடிய கடிதமாக அதை எழுதி அனுப்புங்கள்.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம் – நானே இட்டது)
தொலைபேசி இணைப்பகப் பணியாளர்

இடம்: பொது மருத்துவமனை, தொலைபேசி இணைப்பக அறை
நாள்: பதினான்காம் தேதி, திங்கட்கிழமை

இணைப்பு: நிராகரிப்புக் கடிதத்தின் நகல், மருத்துவச் சான்று, துணையாளின் அனுமதிச் சீட்டு (அவர் தனியாகப் போவதாக இல்லை).