இரவல் கோட்டுப் படம்

பிராங்பேர்ட்
17.04.1988

அன்புள்ள மகன் ஸ்ரீதரனுக்கு,

ரொறன்ரோவில் நீ நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்ற நினைப்போடு இதைத் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் மூவரும் இருக்கிறோம். என் கண்ணாடி இன்னும் வரவில்லை, அதனால் நான் சொல்லச் சொல்லத் தங்கச்சி சியாமளா எழுதுகிறாள். என் பேச்சைத் திருத்திப் புத்தகத் தமிழாக்கிக்கொண்டே போகிறாள், குறை நினைக்காதே.

அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. நூறு வருடங்களுக்கு முந்திய அமெரிக்காவைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும் என்று ஒரு மாதமாக நூலகத்திலேயே கிடந்தாள். அந்தக் காலத்தில் இந்த ஜேர்மன் நாட்டுச் சனங்களே இலட்சக்கணக்கில் கப்பலேறி நியூயோர்க்குக்குப் போனார்களாம். யன்னல் இல்லாத அறைகளில் ஏழெட்டுப் பேராகப் படுத்து, அதே அறையில் சட்டை தைத்துப் பிழைத்தார்களாம். வந்து இறங்குகிறவனை வட்டாரத்துக் கட்சிக்காரர் ஒருவர் கூட்டிப்போய் வேலை எடுத்துக் கொடுப்பாராம், குளிருக்கு நிலக்கரியும் கொடுப்பாராம், தேர்தல் வந்ததும் அவர் காட்டிய ஆளுக்கு வாக்குப் போட வேண்டுமாம். முந்தி வந்தவர்கள் பிந்தி வந்தவர்களைப் பார்த்து, இவர்களால் நகரம் கெட்டுப்போகிறது என்றார்களாம், சீனர் வரக்கூடாதென்று சட்டமே போட்டார்களாம். அப்பா இதைக் கேட்டுவிட்டு, இங்கத்தைய பேப்பரில் எங்களைப் பற்றி எழுதுவதும் இதுதானே என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, உன் குருமூர்த்தி அண்ணையின் நினைவுதான் வந்தது. வேலை எடுத்துத் தந்தவர் என்று ஒவ்வொரு கடிதத்திலும் அவரைப் புகழ்கிறாய். பதிலுக்கு அவர் என்ன கேட்கிறார் என்று ஒரு கடிதத்திலும் இல்லை.

சியாமளாவின் ரீச்சர் தன் வீட்டிலிருந்து ஒரு பழைய படம் கொண்டுவந்து வகுப்பில் காட்டினாராம். அவருடைய பாட்டனாரின் தமையன், 1884இல் நியூயோர்க் போனவர், நல்ல கோட்டும் தங்கச் சங்கிலி மணிக்கூடுமாக நிற்கிறாராம். தாய்க்கு மாதம் தவறாமல் சுகம் சுகம் என்றே எழுதியிருக்கிறார். ஐந்தாம் வருடம் அவர் இருமி இருமிச் செத்த பிறகு, கூட இருந்தவன் எழுதித்தான் அந்தக் கோட்டும் மணிக்கூடும் படம் பிடித்த கடைக்காரருடையவை என்று தாய்க்குத் தெரிந்ததாம்.

அன்று பின்னேரமே சியாமளா நீ போன வருடம் அனுப்பிய படத்தைக் கண்மணி அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனாள். நானும் கூடப் போனேன். ரொறன்ரோவில் உன்னோடு இருக்கும் அவருடைய மகன் சோதிலிங்கத்தின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே சிவப்புக் கார், அதே கோட்டு. சோதிலிங்கத்துக்குக் கை அளவாக இருக்கிறது, உனக்குக் கட்டை. நாங்கள் இரண்டு தாய்மாரும் உங்களுக்குப் பெண் பார்க்கவென்று அந்தப் படங்களைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் காட்டித் திரிந்தவர்கள். கண்மணி அக்கா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "காருக்குச் சொந்தக்காரன் ஆரெண்டு கேளுங்கோ, அவனுக்கும் ஒரு பொம்பிளை பாப்பம்" என்றார். பிறகு இரண்டு படங்களையும் கவிழ்த்து வைத்தார்.

இங்கே வந்த புதிதில் அகதி முகாமில் நாங்கள் நால்வரும் ஒரே அறையில் இருந்த அந்த முதல் குளிர்காலத்தைத்தான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். ஹீற்றரின் மேல் எல்லாருடைய காலுறைகளையும் நீ காயப்போடுவாய். யன்னலடியில் இருந்து தங்கச்சிக்கு ஜேர்மன் எண்களைச் சொல்லிக் கொடுப்பாய், பாதி பிழையாக. பைக்கற் தேங்காய்ப்பூவில் சம்பல் செய்து பாணோடு வைத்தால், வாயில் வைக்க ஏலாது அம்மா என்று முகத்துக்கு நேரே சொல்வாய். அந்த அறையில் ஒருவருக்கொருவர் ஒளிக்க இடமே இருக்கவில்லை. அதை விட்டு வெளியே வர முருகனுக்கு எத்தனை நேர்த்தி வைத்தேன், இப்போது அதற்குத்தான் ஏங்குகிறேன்.

ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கிறீர்கள், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, உன் பத்திரங்கள் உன்னிடம் இருக்கின்றனவா குருமூர்த்தி அண்ணையிடமா, உள்ளதை எழுது. கேட்கிற நானும் உள்ளதைச் சொல்ல வேண்டும். போன மாதம் எங்கள் அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். சட்டத்தரணி மேன்முறையீடு செய்திருக்கிறார், யூன் ஒன்பதாம் திகதி விசாரணை. இதைச் சொன்னதும் சியாமளா பேனையைக் கீழே வைத்துவிட்டாள். "வேண்டாம் அம்மா, அண்ணா பயப்பிடுவார். சுகமெண்டே எழுதுவம்" என்றாள். "எழுது பிள்ளை. நாங்கள் அப்பிடி எழுதினால் அவனும் அப்பிடித்தான் எழுதுவான்" என்றேன்.

முருகன் உன்னைக் காப்பாற்றட்டும், நீ நீண்ட காலம் வாழ வேண்டும். தொப்பி போடாமல் குளிரில் திரியாதே. பதிலை அப்பாதான் முதலில் பிரிப்பார் என்று பயந்து மாற்றி எழுதாதே. படத்தின் கதை அவருக்கும் தெரியும், கோபமில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
இரா. மகாதேவி

அண்ணா, அம்மா சொன்னதில் ஒரு சொல்லும் நான் விடவில்லை.
சியாமளா