சீசனுக்கு எட்டுப் பேர், சனிக்கிழமை கோவை

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்தே சாரல். துணி எதுவும் காயவில்லை. அடுக்களைக்குள் கொடி கட்டியாச்சு.

மகள் பவிக்குக் கோவைக் கல்லூரியிலிருந்து மெயில். பி.காம். ஃபைனான்ஸ். சனி காலை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும். ஒரிஜினல் சர்டிபிகேட், கூட அம்மா அல்லது அப்பா. வராவிட்டால் சீட் அடுத்த ஆளுக்கு. மூன்று தடவை வாசித்துக் காட்டினாள். ஃபைனான்ஸ்தான் வேண்டும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற பெண்.

வாங்க: பெரிய கவர், குடை. ஜெராக்ஸ் 3 செட்.

ஜூன் 11, புதன்

மதுரையிலிருந்து மதினி போன். என் வீட்டுக்காரரின் அக்கா. "அருவில தண்ணி நல்லா விழுதாமே. வெள்ளிக்கிழமை எட்டுப் பேரு வாறோம். ரெண்டு நாளு இருப்போம்." தென்காசியில் வீடு இருந்தால் சீசனுக்கு ஆள் வராமலா இருக்கும்.

இவர் சொன்னது: "ஆளு வருத நேரத்துல வீட்ட விட்டுட்டா போவ? திங்கக்கிழமை போய்க் கேப்போம். தராமலா போவான்?"

அப்படியே என் அப்பா.

நான் பிளஸ் டூ முடித்த வருஷமும் இதே சாரல். பாளையங்கோட்டையில் பி.காம். சேரச் சொல்லிக் கடிதம். அதே வாரம் சென்னையிலிருந்து சித்தப்பா வீட்டார் ஒன்பது பேர். "அவுக போனப்புறம் போவோம்ட்டி" என்றார் அப்பா. சேர வேண்டிய நாளில் நான் ஐந்தருவியில். சித்தி எண்ணெய் தேய்த்துவிட, தண்ணீர் தலையில் விழ, ஒரே சிரிப்பு. புளியோதரை வாளி காலியாகும்வரை பாட்டு. பிறகு போனால் சரித்திரம் மட்டும்தான் பாக்கி. அதைத்தான் படித்தேன். அருவியில் நின்ற அந்த நாளை நினைத்தால் இன்னும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. எரிச்சலே அதுதான்.

ஜூன் 12, வியாழன்

மழை விடவில்லை. அடுக்களையில் பார்த்தால் பவி பதினோரு பேருக்கு அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டிருக்கிறாள்.

"அத்தைக்கு இட்லிதானம்மா பிடிக்கும்."

நானும் அன்றைக்கு யாரும் சொல்லாமலே புளி கரைத்தேன். பவியிடம் சொன்னேன்:

"மாவ ஆட்டி வச்சிட்டுத் துணிய எடுத்து வைட்டி. நாளைக்குச் சாயந்தரம் ஆறு மணி பஸ்ஸுல போறோம்."

இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைக்கட்டும்.

ஜூன் 13, வெள்ளி

நாலு மணிக்கு மதினி வீட்டார் வந்தார்கள். காபி கொடுத்தேன். கூடவே வீட்டுச் சாவியும்; இவர் வேலையிலிருந்து வர ராத்திரி ஆகும். மாவு ஃபிரிட்ஜில், தேங்காய் எண்ணெய் ஜன்னலில், ஈரத்துணிக்கு அடுக்களைக் கொடி.

"நாங்க வந்திருக்கோம், நீ கெளம்புத?"

"ஆமா மதினி. பவிய நாளைக்குக் காலேஜ்ல சேக்கணும்." சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து கோணல். கடையநல்லூர் தாண்டியதும் மதினி போன். ஏசத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

"உப்பு எங்கன வச்சிருக்க?"

அடுப்புக்கு வலப்பக்கம் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

இவ்வளவுதான். அன்றைக்கு அப்பா கிளம்பியிருந்தாலும் இவ்வளவுதான் இருந்திருக்கும்.