ஈர வேட்டியின் மறுமுனை

1911 நவம்பர் 4, சனி இரவு.

ஏசுவடியான் அடுத்த பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். அவனும் தூங்கவில்லை, மூச்சிலேயே தெரிகிறது.

சனிக்கிழமை விடுதிப் பிள்ளைகள் ஆற்றில் துணி துவைக்கும் நாள். மழையில் மணலெல்லாம் நனைந்து கிடந்ததால் வேட்டியை விரிக்க முடியவில்லை. இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் காற்றில் நின்றால்தான் நாளைக் கோயிலுக்குக் காயும். எனக்கு எப்போதும் மறுமுனையில் ஏசுவடியான்தான். ஆனால் படிப்பை விட்டுவிட்டு மாமாவின் கடைக்குக் கொழும்பு போகப்போவதை என்னிடம் மட்டும் மறைத்துவிட்டான். சொன்னால் நான் அழுவேனாம். நான் என்ன சின்னப் பிள்ளையா? அது தெரிந்ததிலிருந்து அவனோடு பேச்சில்லை. வீம்புக்கு ஒரு முனையை மருதமரத்தில் கட்டினேன்.

அவன் வந்து முடிச்சை அவிழ்த்தான்.

"மரத்துல கட்டுனா சுருக்கம் விழும்லே. இழுத்துப் பிடி."

பிடித்தேன். முதலில் என் வேட்டி காய்ந்தது, பிறகு அவனுடையது. கை கடுத்தது. மடிக்கும்போதுதான் கிட்டே வரவேண்டியிருந்தது. ஒவ்வொரு மடிப்புக்கும் அவன் முகம் பக்கத்தில் வந்தது. நான் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி மடிப்பில் என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"கொழும்புல ஒனக்கு யாருலே பிடிப்பா?"

"மரத்துல கட்டிக்கிடுவேன்" என்றான்.

சுருக்கம் விழும் என்று சொன்னவனும் அவன்தான். மடித்து முடித்த வேட்டியை அவனும் விடவில்லை, நானும் விடவில்லை.