இளைத்துப்போன சீருடை

அன்புள்ள தம்பி,

உன் அண்ணனின் மாற்றுச் சீருடையை வாங்கிக்கொள்ள வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாய். வர வேண்டாம்.

பஸ் ஓட்டி ஓட்டி அவருக்குத் தொப்பை விழுந்தது உனக்குத் தெரியும். ரிசர்வ் படை ஒவ்வொரு முறை பயிற்சிக்குக் கூப்பிடும்போதும் கால்சட்டையின் இடுப்பை நான்தான் பிரித்து, தளர்த்தித் தைப்பேன். "துணி அரசாங்கம் குடுத்தது, தொப்பை நீ குடுத்தது" என்பார். வெள்ளத்தில் ஆட்களை மீட்கப் போன படகு அவரோடு கவிழ்ந்த நாளில், இந்த ஜோடி மட்டும் அலமாரியில் இருந்தது.

நீயும் அதே படையில் பெயர் கொடுத்துவிட்டதாகச் சொன்ன அன்று, இஸ்திரி போட அதை எடுத்தேன். இடுப்பு பிடித்துத் தைக்கப்பட்டிருந்தது. தையல் என் கைத்தையல்தான். ஆனால் நான் தைக்கவில்லை. உட்கார்ந்து பிரித்துவிட்டேன். மறுநாள் இன்னும் இறுகியிருந்தது. உயரமான ஆளுக்கு இறக்குவதுபோல் கால் மடிப்பும் இறங்கியிருந்தது.

கொடியில் தொங்கியதைப் பார்த்துச் சின்னவள் சொன்னாள்: "அப்பா இளைச்சிட்டாரும்மா."

இரண்டு நாளாக அது மாறவில்லை. வேண்டிய அளவுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. இன்று காலை டேப் வைத்து அளந்தேன்.

கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கிக்கொள். கோபமென்றால் என்னைத் திட்டி எழுது. உன் இடுப்பளவை மட்டும் எழுதிவிடாதே.

உன் அண்ணி